நாலடித் தொட்டிக்காரர்

கோத்தா கோலா மூடாவில் மீனுக்குப் பஞ்சமே கிடையாது. மேற்கே கடல், தெற்கே சுங்கை மூடா, வடக்கே மெர்போக் ஆறும் அதன் சதுப்புக் காடும். சுங்கை மூடாவைத் தாண்டினால் பினாங்கு மாநிலத்துப் பெனாகா வட்டாரத்தில் பாசார் பிசிக். அங்கே மீன் ஏலத்தில் கூச்சல் இருக்காது. வாங்க வந்தவர் ஏலக்காரரின் காதருகே குனிந்து தன் விலையை முணுமுணுத்துவிட்டு நகர்வார். யார் கூடுதலாகச் சொன்னாரோ அவருக்குக் கூடை போகும். இத்தனை மீனுக்கு நடுவில் இருக்கும் ஒருவர், சனிக்கிழமை காலையில் சுங்கைப் பட்டாணிக்குக் காரை விட்டு, தென்னமெரிக்க மீனைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு திரும்புகிறார் என்றால் அவரைச் சாதாரணமாக எடைபோடக் கூடாது. அவர்தான் நாலடித் தொட்டிக்காரர். கெடாவில் குடியிருப்புத் தாமானுக்கு ஒருவராவது தேறுவார்.

வயது நாற்பத்தைந்துக்கு மேல். அப்பா அம்மா பால்மரம் வெட்டியவர்கள். இவர் தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டம் துண்டாடப்பட்டபோது வெளியேறி, தொழிற்சாலை வேலையில் மெல்ல மேலே வந்து, தாமானில் ஒரு தரைவீடு வாங்கியவர். லயத்துச் சாக்கடையில் கப்பி பிடித்து மைலோ டின்னில் வளர்த்த அனுபவம் உண்டு. அந்த டின் மீன்கள் மாதக்கணக்கில் உயிரோடு இருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

ஆசை தொடங்கும் இடம் பெரும்பாலும் சகலை வீடுதான். தீபாவளித் திறந்த இல்லத்துக்குப் போனவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே ஹாலில் நீல விளக்கு எரியும் மூன்றடித் தொட்டியைப் பார்க்கிறார். சகலை, “ரொம்ப ரிலேக்ஸா இருக்கும் அண்ணே, ஒரு வேலையும் இல்லை” என்கிறார். இந்த ஒரு வாக்கியத்தால் மலேசியாவில் விற்றுப்போன தொட்டிகள் ஏராளம் என்று தாராளமாக நம்பலாம். வீடு திரும்பும் வழியில் இவர் பேசவில்லை. பேசியபோது ஒரே வார்த்தைதான் வந்தது: “நாலடி.”

கடைத் தவுக்கே அனுபவசாலி. உள்ளே நுழையும் நடையைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். இரண்டடித் தொட்டியைத் தொட்டுப் பார்க்கும் பர்சையும் நாலடித் தொட்டியை முறைக்கும் கௌரவத்தையும் அவர் தினமும் பார்க்கிறார். இந்த விஷயத்தில் கௌரவத்தின் பக்கம் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. சின்னத் தொட்டி லேசு, பெரிய தொட்டி கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. நீர் குறைவாக இருந்தால் மீனின் கழிவு சீக்கிரம் செறிந்துவிடும், வெப்பமும் சட்டென்று ஏறி இறங்கும். நீர் கூடினால் தவறு செய்பவருக்கு அவகாசம் கிடைக்கிறது. ஆகவே நம்மவர் தவறான காரணத்துக்காகச் சரியான தொட்டியை வாங்குகிறார். அவர் வாழ்க்கையில் பல நல்ல காரியங்கள் இப்படித்தான் நடந்திருக்கின்றன, கல்யாணம் உட்பட.

வாங்கிய விலை இரண்டு. மனைவியிடம் சொல்வது பாசார் பிசிக் விலை, காதுக்குக் கூடச் சரியாகக் கேட்காது. சகலையிடம் சொல்வது கோயில் திருவிழா ஒலிபெருக்கி விலை.

அடுத்தது எடை. 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். பெருக்கினால் 243 லிட்டர். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பது ஆரம்பப் பள்ளியில் படித்ததுதான், ஆனால் தொட்டிக் கடை வாசலில் யாருக்கும் அது ஞாபகம் வருவதில்லை. கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்தால் முந்நூறு கிலோவை நெருங்கும். இதை இவர் தூக்கி வைத்திருப்பது தவணையில் வாங்கிய டிவி மேசை மேல். நாலு வாட்டசாட்டமான ஆட்கள் இரவு பகலாக அதன் மேல் ஏறி நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை நடுவில் தொய்யும்போது கண்ணாடி தொய்யாது. கண்ணாடிக்குத் தெரிந்தது ஒன்றுதான், விரிசல். இதற்கென்று இரும்பு ஸ்டாண்டு விற்கிறார்கள், அடியில் விரிக்க ஒரு தகடு ஸ்டைரோஃபோமும் கொடுப்பார்கள். நம்மவர் அந்த ஸ்டைரோஃபோமைப் பையன் பள்ளிக்கூடச் செய்முறைக்குக் கொடுத்துவிட்டார்.

எங்கே வைப்பது என்பது குடும்பப் பிரச்சினை. வாஸ்துப்படி நீர் ஈசானிய மூலையில் இருக்க வேண்டும். ஈசானிய மூலையை மேம்பாட்டாளர் ஏற்கெனவே நீருக்குத்தான் ஒதுக்கியிருந்தார், அங்கே கக்கூஸ் இருக்கிறது. தவுக்கே தம் பங்குக்கு ஃபெங் சுயி சொல்லியனுப்பினார்: சிவப்புத் தங்கமீன் எட்டு, கறுப்புத் தங்கமீன் ஒன்று, மொத்தம் ஒன்பது. வீட்டுக்கு வரும் கெடுதலைக் கறுப்பு மீன் வாங்கிக்கொள்ளுமாம். இரண்டு சாஸ்திரமும் மோதியதில் தொட்டி கடைசியாக ஜன்னலடியில் உட்கார்ந்தது. இரண்டு சாஸ்திரத்தையும் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் ஆகாத இடம் அது ஒன்றுதான். கெடா வெயில் நேரே விழுந்தால் இரண்டு வாரத்தில் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி.

இப்போது தண்ணீர். நாடகம் முழுவதும் இங்கேதான் நடக்கிறது, ஆனால் நம்மவர் இந்தக் காட்சிக்கு ஒதுக்குவது ஒரு மணி நேரம். ஏழு மணிக்கு ரப்பர் குழாயைச் செருகினார், எட்டு மணிக்கு மீனை விட்டார். குழாய் நீரில் கிருமி கொல்லக் குளோரின் கலந்திருக்கிறது. குளோரின் மட்டும் என்றால் ஒரு நாள் திறந்து வைத்தால் பறந்துவிடும், குளோராமின் என்றால் பறக்காது, கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் ஆன்டி குளோரின் சில துளி விட வேண்டும். அந்தப் புட்டியைத் தவுக்கே சும்மாவே கொடுத்திருந்தார். அது இன்னும் கார் டாஷ்போர்டில் இருக்கிறது.

குளோரினைத் தாண்டினாலும் அடுத்த கண்டம் காத்திருக்கிறது. மீன் செவுள் வழியாகவே அமோனியாவை வெளியேற்றுகிறது, மிச்ச உணவும் அழுகி அமோனியா ஆகிறது. அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும், வாரம் கால்வாசி நீரை மாற்றினால் தொல்லை தீரும். இந்த பாக்டீரியாக் கூட்டம் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருகப் பொதுவாக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். இரண்டாவது வேலையைப் பார்ப்பது யார் என்பதில் விஞ்ஞானிகளே வெகுகாலம் ஏமாந்திருந்தார்கள். நைட்ரோபாக்டர் என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருக்க, 1998-இல் டிமத்தி ஹோவனெக் குழு நன்னீர்த் தொட்டிகளைச் சோதித்து, அங்கே உழைப்பது நைட்ரோஸ்பைரா இனம் என்று காட்டியது.

ஆக, ஒரு மாதம் வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். நம்மவரால் முடியாதது இது ஒன்றுதான். இத்தனைக்கும் கன்று நட்டு, அது பால் கொடுக்க ஐந்தாறு ஆண்டு காத்திருந்து, அந்த மரங்களால் வயிறு வளர்த்த பரம்பரை. குடியுரிமைக்கான நீல அடையாள அட்டைக்குப் பத்து ஆண்டு வரிசையில் நின்ற மாமாக்கள் குடும்பத்தில் உண்டு. ஆனால் மீன் இல்லாத தொட்டியை விருந்தாளி பார்த்துவிட்டு, “என்னங்க, தண்ணி மட்டும் ஓடுது?” என்று கேட்டுவிட்டால் மானம் போய்விடும்.

ஐந்தாம் நாள் முதல் மரணம். ஏழாம் நாள் மூன்று. கறுப்பு மீன் முதலில் போனபோது வீட்டில் ஒரு நிம்மதி இருந்தது, ஏதோ பெரிய கெடுதல் விலகியது என்றார்கள். இரண்டாவது போனபோது பையன் மோட்டாரில் தப்பியது நினைவுக்கு வந்தது. ஒன்பதும் போய்ச் சேர்ந்தபோது, இத்தனை கெடுதல் நமக்கு எங்கிருந்து வர இருந்தது என்று மனைவிக்கே பயம் வந்துவிட்டது. திருஷ்டிதான் என்று பக்கத்து வீட்டு அக்கா தீர்ப்புச் சொன்னார். சகலைதான் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்பதும் அப்போது பேசப்பட்டது. அமோனியாவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. பாட்டி மட்டும் ஒரு செத்த மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “சட்டிக்கும் ஆகாது, பூனைக்கும் ஆகாது, இதுக்கா இவ்வளவு காசு?” என்றார்.

சுத்தக்காரரான நம்மவர் ஃபில்டர் பஞ்சைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, குழாயடியில் நுரை தள்ளத் தேய்த்துக் காயவைத்தார். அரும்பத் தொடங்கியிருந்த பாக்டீரியாக் குடும்பம் அத்தோடு பூண்டோடு ஒழிந்தது. பஞ்சைத் தொட்டியிலிருந்தே எடுத்த ஒரு வாளி நீரில் லேசாக அலசினால் போதும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அழுக்குத் தண்ணியில் கழுவுவதா என்று சண்டைக்கு வந்திருப்பார்.

மறுபடி வாங்கி விட்டவற்றுக்கு இன்னொரு ஆபத்து, பாசம். காலையில் அவர் ஒரு சிட்டிகை போடுவார், பள்ளிக்குப் போகுமுன் மகள், சமையலுக்கு நடுவில் மனைவி, விருந்தாளியின் குழந்தை, பிறகு “பாவம், வாயைத் திறந்து திறந்து கேக்குது” என்று பாட்டி. மீன் வாயைத் திறப்பது மூச்சுக்காக. அதற்குப் பாட்டி கொடுத்தது கார முறுக்கு.

தோல்வி தொட்டிக்காரரைத் திருத்துவதில்லை, பதவி உயர்த்துகிறது. தங்கமீன் செத்தவர் ஃபிளவர்ஹார்னுக்குப் போகிறார். 1990-களில் மலேசிய மீன் வளர்ப்பாளர்கள் அமெரிக்கக் கண்டத்துச் சிக்லிட் இனங்களைக் கலந்து உருவாக்கிய இந்த மீனுக்கு நெற்றியில் பெரிய புடைப்பு, விலாவில் கறுப்புக் குறிகள். 2000-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வெறியே கிளம்பியது. விலாக்குறியில் சீன எழுத்தைத் தேடினவர்கள் உண்டு, எண்ணைத் தேடினவர்கள் அதிகம். நம்மவர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, நாலு நம்பர் லாட்டரி எழுதினார். முதல் வாரம் ஒன்றும் விழவில்லை. மீனைத் தலைகீழாகப் படித்திருக்க வேண்டும் என்று நண்பர் சொன்னார். தலைகீழாகப் படித்தும் விழவில்லை. இந்த மீன் சண்டைக்காரன், கூட வேறு எதையும் வைக்க முடியாது என்பது ஒன்றுதான் உறுதியாகக் கிடைத்த பலன்.

அதற்கு மேல் அரோவானா. இங்கே நம்மவர் குரல் தாழ்ந்து பயபக்தியாகிறது. பேராக் மாநிலத்து புக்கிட் மேரா ஏரித் தங்க அரோவானா உலகெங்கும் பேர்போனது. ஆசிய அரோவானா 1975 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டில் பிடித்ததை விற்கக் கூடாது, பதிவு பெற்ற பண்ணையில் பிறந்ததை மட்டும் சான்றிதழோடும் உடலுக்குள் செருகிய மைக்ரோசிப்போடும் விற்கலாம். பிறப்புப் பத்திரம் இல்லாமல் அலுவலகம் அலுவலகமாக அலைந்த தோட்டத்துப் பிள்ளைகளின் கதை நமக்குத் தெரியும். இந்த மீன் விற்பனைக்கு வரும்போதே ஆவணம் பக்காவாக இருக்கிறது. அதன் ஆண், முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும், குஞ்சு நீந்தும்வரை சாப்பிடாது. இதைச் சொல்லி நம்மவர், “பார்த்தியா, அப்பான்னா இப்படி இருக்கணும்” என்றார். மனைவி கேட்டது வேறு. மலாயில் இந்த மீனுக்குக் கெலிசா என்று பேர், 2001-இல் பெரோடுவா தன் சின்னக் காருக்கு அதே பேரைத்தான் வைத்தது. “ஏங்க, அந்தக் காசுக்குக் கெலிசா காரே பழசு ஒன்னு வாங்கிரலாமே?” பதில் இல்லை. அரோவானா துள்ளும் மீன், மூடிக்கு மேல் கனம் வைக்க வேண்டும் என்று தவுக்கே சொன்னதையும் அவர் சரியாகக் காதில் வாங்கவில்லை. அந்தச் சம்பவத்தை வீட்டில் இன்றும் யாரும் பேசுவதில்லை.

சிலருக்கு இந்தப் பித்து எல்லை தாண்டும். மகள் கல்யாணச் சேலைக்காகச் சென்னை போன தொட்டிக்காரர்கள் மனைவியைத் தி.நகரில் இறக்கிவிட்டு, வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூருக்கு ஆட்டோ பிடித்தது உண்டு. அங்கே மணிக்கணக்கில் விலை கேட்டார்கள். விமானத்தில் மீனைச் சுலபமாகக் கொண்டுவர முடியாது என்பதால் ஒன்றும் வாங்கவில்லை, அதனால் சண்டையும் பெரிதாகவில்லை.

இந்த வியாதிக்கு மூலவர்கள் விக்டோரியா கால இங்கிலாந்துக்காரர்கள். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் இல்லம் திறந்தது, மறு ஆண்டே பிலிப் ஹென்றி காஸ் எழுதிய ‘த அக்குவேரியம்’ வெளிவந்தது, வீட்டுக்கு வீடு தொட்டி மோகம் பிடித்தது. அதற்கும் முன்னால், 1850-ஐ ஒட்டி, ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு பாத்திரத்தில் இரண்டு சின்னத் தங்கமீன், நாடா நாடாவாய் வளரும் வாலிஸ்னேரியா செடி, அழுகும் இலையைத் தின்னச் சில நத்தைகள், இவ்வளவை வைத்து நீர் கெடாமல் ஓட்டிக் காட்டினார். மைலோ டின் மீன்கள் பிழைத்த ரகசியமும் இதுதான். சாக்கடைப் பாசியோடும் சாக்கடை நீரோடும் சேர்த்து அள்ளியதால் பாக்டீரியாவும் கூடவே குடி வந்துவிட்டது. சோறு போடவும் அப்போது யாரிடமும் மிச்சம் இல்லை.

அதே தாமானில், அதே வரிசையில், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இருப்பான். வயலோர வாய்க்காலில் பிடித்த சண்டை மீன் அவனிடம் இருக்கும். பெத்தா இம்பெல்லிஸ் என்பது இதன் அறிவியல் பெயர், 1975-இல் ஜெர்மானியர் வெர்னர் லாடிகஸ் விவரித்தது, கெடாவிலும் பினாங்கிலும் இயல்பாக வாழ்வது. கறுத்த உடம்பில் நீலப்பச்சை மின்னும், வாலில் சிவப்புப் பிறை. மேலே வந்து காற்றையே நேராக மூச்சிழுக்கும் உறுப்பு இதற்கு இருப்பதால் பம்பு வேண்டாம். எங்கும் நிற்கும் கெத்தாப்பாங் மரத்தின், ஊரில் நாட்டு வாதுமை என்பார்களே, அதன் காய்ந்த இலை ஒன்றைப் போட்டால் நீர் தேநீர் நிறமாகும், மீனுக்கு அது பிடிக்கும். கொஞ்சம் பாசி, துள்ளாமல் இருக்க ஒரு மூடி, வாரம் ஒரு முறை பாதி நீர் மாற்றம். ஆண் மீன் எச்சில் குமிழால் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காக்கும். மொத்தச் செலவு ஐஸ்கிரீம் காசு. நாலடித் தொட்டிக்காரர் இந்தப் பக்கம் எட்டிப்பார்த்து, “இதெல்லாம் லோங்காங் மீன்டா தம்பி, சாக்கடையில கெடக்கிறது” என்று சொல்லிவிட்டு நகர்வார். என்னைக் கேட்டால் அந்த வரிசையில் மீன் வளர்க்கத் தெரிந்த ஆள் அந்தப் பையன் ஒருவன்தான்.

கடைசிக் கட்டத்தில் தொட்டியில் மிஞ்சுவது ஈக்கான் பண்டாராயா. பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் நகராண்மைக் கழக மீன் என்று தவுக்கே விற்றது, விரல் நீளத்தில் வந்தது. இப்போது ஓரடியைத் தாண்டிவிட்டது. சுத்தம் செய்ததைவிட அசுத்தம் செய்ததே அதிகம், ஆனாலும் சாகவில்லை. எல்லா மரணத்தையும் பார்த்துக்கொண்டு கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம்மவர் அதை வாளியில் போட்டு மோட்டாரில் மாட்டுகிறார். எங்கே போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்டால், உயிரைக் கொல்லக் கூடாது, ஆற்றில் விட்டால் புண்ணியம் என்பார்.

இந்தப் புண்ணியத்தால்தான் கிள்ளான், லங்காட் ஆறுகளில் இன்று அந்தத் தென்னமெரிக்க மீன் வலை வலையாக ஏறுகிறது, உடம்பெல்லாம் கேடயம் போன்ற முரட்டுச் செதில், விற்கவும் முடியாது. கரையில் வளைதோண்டிக் கரையைச் சரிக்கிறது, உள்ளூர் மீனின் இரையையும் இடத்தையும் பிடிக்கிறது. ஃபிளவர்ஹார்னையும் இப்படித்தான் குளம் ஏரிகளில் கொட்டினார்கள். வேண்டாத மீனை விற்ற கடையிலேயே கேட்டுப் பாருங்கள், பல கடைகள் வாங்கிக்கொள்ளும். சுங்கை மூடாவிலும் மெர்போக்கிலும் தயவுசெய்து விடாதீர்கள். அங்கே வலை போட்டுப் பிழைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

வெறும் தொட்டியையும் வாசலில் போட்டுவைக்க வேண்டாம். மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும், சுகாதார இலாகா அதிகாரி 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டத்தைக் காட்டி அபராதம் எழுதுவார். பண்டாராயாவை விட்டால் தொட்டியில் இதுவரை செழித்த ஒரே உயிருக்கு அபராதம் கட்டுவது யாருக்குத்தான் பிடிக்கும்?

புதுத் தொட்டி வாங்கக் கிளம்புகிறவர்கள் கடைக்குப் போகுமுன் தங்கள் தாமானில் ஒரு சுற்று விசாரிக்கலாம். நாலடித் தொட்டி, ஸ்டாண்டு, பம்பு, இரண்டு பை கல், பிரிக்காத ஆன்டி குளோரின் எல்லாம் சேர்த்துச் சும்மா கொடுக்கக் குறைந்தது ஒரு வீட்டிலாவது ஆள் காத்திருப்பார். அவர் மனைவி கூடவே பலகாரமும் கொடுப்பார். தூக்க நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள், தண்ணீரை முதலில் இறக்கிவிடச் சொல்லுங்கள்.